ஐஇஎல்டிஎஸ் செய்முறைப் படம்: மதிப்பெண் கைநழுவும் இடங்கள்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் ரைட்டிங் பகுதியில், டாஸ்க் 1 என்ற முதல் கேள்வியில் சில சமயம் கிராஃபுக்குப் பதிலாக ஒரு செய்முறைப் படம் வந்து நிற்கும். செங்கல் எப்படித் தயாராகிறது, கரும்பு எப்படிச் சர்க்கரையாகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் படம். கிராஃபிலேயே பழகியவர்கள் இதைப் பார்த்ததும் பதறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கிராஃபைவிட இது எளிது. எந்த எண்ணை எடுப்பது, எதை விடுவது என்ற தலைவலி இதில் பெரிதாகக் கிடையாது. படத்தில் உள்ள படிகள் எல்லாம் விடையில் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களே இதில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

பயிற்சியில் அடிக்கடி வரும் செங்கல் படத்தையே எடுத்துக்கொள்வோம். இயந்திரம் களிமண்ணைத் தோண்டுகிறது. மண் ஓர் உலோகச் சல்லடையில் விழுந்து உருளைக்குப் போகிறது. மணலும் தண்ணீரும் சேர்கின்றன. பிறகு கம்பியால் அறுத்தோ அச்சில் வார்த்தோ செங்கல் வடிவம் வருகிறது. உலர்த்தும் அடுப்பில் 24 முதல் 48 மணி நேரம், அப்புறம் சூளையில் முதலில் மிதமான சூடு, பின்னர் கடும் சூடு. குளிரூட்டும் அறையில் 48 முதல் 72 மணி நேரம். கடைசியில் கட்டி, லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

பெரும்பாலான விடைகள் கேள்வியை வேறு சொற்களில் ஒரு வரி எழுதிவிட்டு, உடனே களிமண்ணைத் தோண்டத் தொடங்கிவிடும். நடுவில் இருக்க வேண்டிய ஓவர்வியூ, அதாவது படத்தின் மொத்தச் சுருக்கம், காணாமல் போயிருக்கும். இதுதான் இருப்பதிலேயே பெரிய இழப்பு. பேண்ட் 7 என்ற மதிப்பெண் நிலைக்கான அளவுகோலிலேயே தெளிவான ஓவர்வியூ வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை நுணுக்கமாகப் படிகளை விவரித்தாலும் அது இந்தக் குறையை ஈடுகட்டாது. எழுதுவது கடினமும் இல்லை. மொத்தம் எத்தனை கட்டங்கள், எதில் தொடங்கி எதில் முடிகிறது, இயந்திரத்தால் நடக்கிறதா இயற்கையாக நடக்கிறதா என்று இரண்டு வாக்கியம் போதும். செங்கல் படத்துக்கு, களிமண் தோண்டுவதில் தொடங்கி விநியோகத்தில் முடியும் நேர்க்கோட்டுச் செய்முறை, இடையில் வடிவமைத்தலும் உலர்த்தலும் சுடுதலும் வருகின்றன என்று சொன்னால் ஓவர்வியூ ஆகிவிட்டது. மணிக்கணக்கும் வெப்பநிலையும் இங்கே வேண்டாம், அவை கீழே வரட்டும். பட்டாம்பூச்சியின் வாழ்க்கை போல கடைசிப் படி மறுபடி முதல் படிக்குத் திரும்பினால், இது ஒரு சுழற்சி என்பதையும் ஓவர்வியூவிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அம்புக்குறிகளைச் சரியாகப் பார்க்காதது. கம்பி அறுப்பும் அச்சும் மாற்று வழிகள், இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பலர் முதலில் கம்பியால் அறுத்து அப்புறம் அச்சில் வார்க்கிறார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். இலக்கணம் சுத்தமாக இருந்தாலும் தகவல் தவறு. 'ஐதர்... ஆர்' என்ற இரண்டு சொற்கள் இதைக் காப்பாற்றியிருக்கும். பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் படத்தை விரலால் தொட்டுத் தொடர்ந்து பார்ப்பது நல்லது. எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இன்னொரு சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. செங்கல் சூளையை நேரில் பார்த்து வளர்ந்தவர்கள், விறகு அடுக்குவது, வெயிலில் காயப் போடுவது என்று தெரிந்ததையெல்லாம் சேர்த்து எழுதுகிறார்கள். படத்தில் விறகும் இல்லை, வெயிலும் இல்லை. படத்தில் இல்லாத எதுவும் விடையில் வரக்கூடாது. செங்கல் கட்டுமானத்துக்கு மிகவும் பயன்படுகிறது என்ற கடைசி வரியும் அப்படித்தான். டாஸ்க் 1-இல் கருத்துக்கும் முடிவுரைக்கும் வேலையே இல்லை.

வினைச்சொல் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. தமிழில் ஒரு செய்முறையைச் சொல்லும்போது 'தோண்டுகிறார்கள்' என்போம், அல்லது 'காய வைக்க வேண்டும்' என்போம். இந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் இறங்கும்போது 'தே டிக்', 'யூ ஷுட் டிரை' என்று விடை முழுக்க யாரோ ஒருவருக்குக் கட்டளை போடுவதுபோல் ஆகிவிடுகிறது. தொழிற்சாலைச் செய்முறைக்குச் செயப்பாட்டு வினைதான் பொருந்தும், அதுவும் நிகழ்காலத்தில்: 'இஸ் டக்', 'இஸ் மிக்ஸ்டு', 'ஆர் டிரைடு'. அவசரத்தில் 'இஸ்' விட்டுப்போவதும், 'கட்' என்பது 'கட்டெட்' ஆவதும் வாடிக்கை. இயற்கைச் சுழற்சிக்கு நேர்மாறு. மழை தானாகப் பெய்கிறது, முட்டை தானாகப் பொரிகிறது. அங்கே போய் 'ரெயின் இஸ் ஃபாலன்' என்று எழுதினால் பிழை. 'ஹேப்பன்', 'அக்கர்', 'கன்சிஸ்ட்' இவற்றுக்குச் செயப்பாட்டு வடிவமே கிடையாது, ஆனாலும் 'இஸ் கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' இல்லாத விடைக்கட்டு அபூர்வம்.

வரிக்கு வரி 'தென்', 'நெக்ஸ்ட்', 'ஆஃப்டர் தட்' என்று தொடங்குவதும் விடையைத் தட்டையாக்கும். இரண்டு படிகளை ஒரே வாக்கியத்தில் கோக்கப் பழகுங்கள். உலர்ந்ததும் சூளைக்குப் போகின்றன என்பதற்கு 'ஒன்ஸ்', சூளைக்குப் போவதற்கு முன் உலர்த்தப்படுகின்றன என்பதற்கு 'பிஃபோர்', அறையைக் குறிப்பிட்டு அங்கே ஆறுகின்றன என்பதற்கு 'வேர்'. இந்த மூன்றே போதும், விடை ஓட்டமாக இருக்கும். வெப்பநிலை எழுதும்போது 'பிட்வீன் 200 டு 980' வேண்டாம், 'பிட்வீன் 200 அண்ட் 980' என்பதே சரி.

கேள்வியில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதினால் அந்தச் சொற்கள் கணக்கில் சேராது. குறைந்தபட்சம் வேண்டிய 150 சொல் எழுதிவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள், அது 130 ஆகியிருக்கும். அதற்காக 250 வரை இழுக்கவும் கூடாது. மொத்த நேரம் 60 நிமிடம், அடுத்து வரும் கட்டுரைக் கேள்வியான டாஸ்க் 2-க்கு இதைப்போல இரண்டு மடங்கு மதிப்பு. 170 சொல் அளவில், 20 நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதில் கடைசி இரண்டு நிமிடம் திருத்துவதற்கு. அப்போது எழுவாயையும் 'இஸ்', 'ஆர்' இரண்டையும் மட்டும் பொருத்திப் பாருங்கள். களிமண் ஒருமை, செங்கற்கள் பன்மை. களிமண் செங்கல்லாக மாறும் அந்த இடத்தில்தான் பாதிப் பேருக்கு 'இஸ்' மாறாமலே நின்றுவிடுகிறது.