நின்று கேட்டுப் போங்க: வானொலி டேக்லைன் எழுதுபவர் தவிர்க்க வேண்டியவை

நாகர்கோவில் பக்கம் ஒரு சமுதாய வானொலி தொடங்க இருந்தார்கள். பெயர் வேண்டாம். டேக்லைன், அதாவது நிலையத்தின் பெயரோடு திரும்பத் திரும்ப ஒலிக்கும் அடையாள வரி, எழுத என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போர்டில் முதல் வரியை எழுதியது நான்தான்: "நின்று கேட்டுப் போங்க!" எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஒருவர் குரல் கொடுக்க, செல்போனில் பதிவு செய்து கீழே டீக்கடையில் போட்டுக் காட்டினோம். பஸ் இரைச்சலுக்கு நடுவே வடை எடுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். "எதுக்கு தம்பி நின்னு கெட்டுப் போகச் சொல்லுதிய?"

ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பது தாளில் கண்ணுக்குத் தெரியும். காதுக்கு அது ஒரே ஒரு மாத்திரை வித்தியாசம். ஓடுகிற ஆட்டோவில், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் பக்கத்தில், அந்த ஒரு மாத்திரை காணாமல் போய்விடும். சூரியன் எஃப்.எம்.மின் "கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் 'கேட்டு' உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு 'கேளுங்க' காவல் நிற்கின்றன. மூன்றாவது சொல் வருவதற்குள் காது நெடிலுக்குப் பழகிவிடும். யோசித்துச் செய்தார்களோ தானாக அமைந்ததோ, வேலை நடக்கிறது. எழுதிய வரியை மோசமான ஸ்பீக்கரில், தெரியாத ஆளிடம் போட்டுக் காட்டாமல் முடிவு செய்வதுதான் முதல் தவறு.

இரண்டாவது கூட்டத்தில் ஒரு தம்பி உற்சாகமாக எழுதினார்: "புயலாய்ப் புகுவோம், அலையாய் அடிப்போம்!" வேறு ஊரில் இது வழக்கமான வாய்ச்சவடால். ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நீளும் குமரி மாவட்டக் கரையில் இதைச் சொல்ல முடியுமா? 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் புகுந்ததைக் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் யாரும் மறக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த வீடுகளில் அரை மணிக்கு ஒரு தடவை "புயலாய்ப் புகுவோம்" என்று சிரித்துக்கொண்டே கத்துவது மனசாட்சிக்கே ஒவ்வாது. நடைமுறையிலும் தப்பு. கடல் நிலவரம் சொல்ல வேண்டிய ரேடியோ அது. தினமும் விளையாட்டுக்குப் 'புயல்' என்று சொல்லிவிட்டு, நிஜமான எச்சரிக்கை நாளில் அதே குரலில் அதே சொல்லைச் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'அலை' என்ற சொல்லே கூடாது என்று சொல்லவில்லை. பண்பலை, வானலை எல்லாம் இருக்கிறதே. பின்னால் வருகிற 'அடிப்போம்', 'புகுவோம்' தான் வம்பு.

அப்புறம் முதலாளி பெருமை. இது உலகம் முழுக்க இருக்கிற வியாதி. 1924-இல் அமெரிக்காவின் சிகாகோவில் சியர்ஸ் என்ற வணிக நிறுவனம் ஒரு நிலையம் தொடங்கியது. 'உலகின் மிகப் பெரிய கடை' என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து டபிள்யூ.எல்.எஸ். என்று பெயர் வைத்தது. 1928-இல் ஒரு விவசாயப் பத்திரிகைக்கு அதை விற்றும் விட்டது. கடை கைவிட்டாலும் கடையின் ஜம்பம் நிலையத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது. 1925-இல் நாஷ்வில்லில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம்.முக்கு, 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்று பொருள். பாட்டுக் கேட்க வந்தவரிடம் பாலிசி நீட்டுவது போல. எங்கள் கூட்டத்திலும் தாளாளர் பெயரை டேக்லைனுக்குள் நுழைக்க ஒருவர் கடைசி வரை போராடினார்.

நிறைவேற்ற முடியாத வாக்குறுதியும் வேண்டாம். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறன் வழக்கமாக 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் பெரிது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டாத நிலையம் 'உலகத் தமிழர்களின் குரல்' என்று சொல்லிக்கொண்டால் தோவாளைப் பூச்சந்தையிலேயே சிரிப்பார்கள். 'நம்பர் ஒன்', 'நான்ஸ்டாப்' எல்லாம் இதே கணக்குதான்.

அலைவரிசை எண்ணை மறப்பது சின்னத் தவறு போலத் தெரியும். இங்கே அது பெரிய தவறு. 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலியாகத் தொடங்கிய நாகர்கோவில் வானொலியின் எண் 101. திருவனந்தபுரம் வானொலியின் பண்பலை 101.9. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ரேடியோக் குமிழை ஒரு நூல் கூடுதலாகத் திருப்பினால் மலையாளம் வந்துவிடும். பெயரும் எண்ணும் இல்லாத டேக்லைன், இந்த மாவட்டத்தில், பக்கத்து நிலையத்துக்கு இலவச விளம்பரம்.

ஊர்ப் பேச்சைப் பிடிப்பதிலும் வழுக்கும். சென்னையில் ரேடியோ மிர்ச்சி 'செம ஹாட் மச்சி' என்றால் பொருந்தும். இங்கே 'மச்சி' ஒட்டாது. அதற்காக "லே மக்கா, கேளுலே" என்று எழுதினால், எழுபது வயதுப் பாட்டியையும் சேர்த்து 'லே' போட்டதாகிவிடும். கூட்டாளிகளுக்குள் அது செல்லம், ஸ்பீக்கரில் மரியாதைக்குறைவு.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே சொல்: "கேட்டியளா?" 'கேட்டீர்களா' என்பதன் ஊர்ப் பேச்சு. நெடில் தெளிவாக விழுகிறது, மரியாதையும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. மறுபடி டீக்கடைக்கு எடுத்துப் போனோம். அண்ணாச்சி ஒரு தடவை கேட்டுவிட்டு, "எதை?" என்றார்.

மாடியேறி, நிலையத்தின் பெயரையும் எண்ணையும் அந்த 'எதை'க்குப் பதிலாக அடுத்தே ஒட்டிப் பதிவு செய்தோம்.