அடி கிழியாத பீஃப் புரிட்டோ: என் அனுபவம்

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதிக் கடைகளில் தருவது போன்ற பீஃப் புரிட்டோவை (டோர்ட்டியா என்ற மெல்லிய கோதுமை ரொட்டியில் கறி, சோறு, பீன்ஸ் வைத்துச் சுருட்டும் மெக்சிகன் பாணி உணவு) வீட்டில் செய்ய நான்கு நாள் முயன்றேன். நான்கு முறையும் பாதி தின்பதற்குள் அடிப்பக்கம் பிய்ந்து, சாறு முழங்கை வரை வழிந்தது.

டோர்ட்டியா காய்ந்துபோயிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் தெளித்து மைக்ரோவேவில் சூடாக்கினேன். இன்னும் மோசம். 10 அங்குலத்தை விட்டு 12 அங்குலம் வாங்கினேன். மடிக்க வசதிதான், கிழிசல் அப்படியே. இரண்டைச் சேர்த்துச் சுற்றினால் வெறும் மாவைத் தின்கிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் கிழிந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மடிப்புகளில் ஒரு விரிசல்கூட இல்லை. கறி உட்கார்ந்த இடத்தில் மட்டும் டோர்ட்டியா ஊறிக் கூழாகியிருந்தது. நான் வேறு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்!

மூன்று மணி நேரம் வெந்த கறியை வடிகட்டிப் பிய்த்தேன். வடிந்த சாற்றைத் தனியே தேன் பதத்துக்கு வற்றவிட்டு கறியை அதிலேயே பிரட்டினேன். பீன்ஸையும் நன்றாக வடித்தேன். அடியில் முதலில் சோறு, அதன்மேல் கறி. மிச்ச ஈரத்தைச் சோறு இழுத்துக்கொள்ளும். சல்சா என்ற காரமான தக்காளிச் சட்னி உள்ளே போகவில்லை, கடிக்கும்போது மேலே விட்டுக்கொண்டேன். டோர்ட்டியாவுக்கு 15 நொடி ஆவி போதும். சுருட்டியதும் மடிப்பு வாய் கீழே இருக்கும்படி, எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் ஒரு நிமிடம்.

அலுமினியத் தாளில் சுற்றி அரை மணி கழித்துத் தின்றேன். சட்டைக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.