வீட்டுக்கு ஒயின் கூலர் வாங்கும் முன்

சென்னை வீட்டுக்கு என்றால் கம்ப்ரஸர் வைத்ததையே வாங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கம்ப்ரஸர் இல்லாமல் மின்தகட்டால் குளிரவைக்கும் தெர்மோஎலெக்ட்ரிக் வகை சத்தம் போடாது, சரி. ஆனால் அறை வெப்பத்திலிருந்து 15, மிஞ்சினால் 20 டிகிரிதான் இறக்கும். மே மாத மதியம் ஹாலே 36 டிகிரியில் கொதிக்கும்போது, ஒயினுக்கு வேண்டிய 12 டிகிரி அதற்கு எட்டாக்கனி.

அப்புறம், '18 பாட்டில்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஒல்லியான போர்தோ (பிரான்ஸின் ஒயின் பகுதி) வகை பாட்டில் கணக்கு. ஷாம்பெயின் பாட்டில் பருமனானது. தட்டை இழுத்தால் மேல்தட்டில் உரசும். இன்ச் டேப்போடு போய், தட்டுகளுக்கு நடுவே அளந்து பாருங்கள்.

அலமாரிக்குள் பொருத்துவதென்றால் சூடான காற்று முன்பக்கம் வெளியேறும் மாடல் வேண்டும். பீர், சோடாவுக்கு 3, 4 டிகிரி வரை இறங்கும் பானக் கூலரே சரி.