கனடாவில் குடியேறத் தகுதி இருக்கிறதா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பற்றி விசாரிப்பவர்கள் எடுத்தவுடன் "மொத்தம் எவ்வளவு செலவாகும்?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் பணம் கட்ட வேண்டாம். விதிகள் எல்லாம் கனடா அரசின் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை கனடா 1967-இல் கொண்டுவந்தது. 2015 ஜனவரி முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணையவழி முறை நடப்பில் இருக்கிறது. அதற்குள் மூன்று திட்டங்கள் உண்டு. கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று, வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று, வெளிநாட்டில் அனுபவம் பெற்ற திறன் பணியாளர்களுக்கு ஒன்று. ஊரிலிருந்தே விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் வருவார்கள் என்பதால் அதையே இங்கே விளக்குகிறேன். கியூபெக் மாகாணத்துக்குத் தனி முறை இருக்கிறது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பிளஸ் டூவில் பாஸ் ஆவது வேறு, பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் எட்டுவது வேறு அல்லவா? அதேபோல 100-க்கு 67 எடுத்தால் தகுதி. அப்புறம் தகுதி பெற்றவர்களுக்குள் 1200-க்கு ஒரு தரவரிசை. அதில் மேலே இருப்பவர்களைத்தான் அவ்வப்போது சுற்றுச் சுற்றாக விண்ணப்பிக்க அழைப்பார்கள். "உங்களுக்கு 67 வந்துவிட்டது, வேலை முடிந்தது" என்று யாராவது சொன்னால், பாதிக் கதையை மட்டும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் வேலைக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கனடாவில் எல்லா வேலைகளுக்கும் என்.ஓ.சி. என்ற பட்டியலில் ஐந்து இலக்க எண் உண்டு. (நம் ஊரில் சொல்லும் தடையில்லாச் சான்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அந்த எண்ணின் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அதற்கு டீயர் என்று பெயர். அது 0, 1, 2, 3 என்றால் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் வரலாம். 4 அல்லது 5 என்றால் முடியாது.

மென்பொருள் பொறியாளர் 21231, செவிலியர் 31301, வெல்டர் 72106, சமையல்காரர் 63200. இவை எல்லாம் உள்ளே வரும். கடை விற்பனையாளர் 64100, பொது அலுவலக உதவியாளர் 14100. இந்த இரண்டும் வராது. விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பதை அதிகாரிகள் பொருட்படுத்துவதில்லை. அந்த எண்ணின் கீழ் எழுதியிருக்கும் வேலைகளைத்தான் நீங்கள் தினமும் செய்கிறீர்களா என்று பார்ப்பார்கள். 'மேனேஜர்' என்று பெயர் இருந்து, வேலை முழுக்க பில் போடுவதாக இருந்தால் மேலாளர் எண் பொருந்தாது.

கடந்த 10 ஆண்டுகளுக்குள், சம்பளம் வாங்கி, இடைவெளி இல்லாமல் குறைந்தது ஓராண்டு (வாரம் 30 மணி வீதம் 1,560 மணி நேரம்) அந்த வேலை செய்திருக்க வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கணக்கில் சேராது.

படி 2: 67 வருகிறதா?

மொழிக்கு அதிகபட்சம் 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, கனடாவில் முறையாக உறுதியான வேலைக்கு 10, அங்கே பொருந்திப்போவதற்கான காரணிகளுக்கு 10.

வயது 18 முதல் 35 வரை முழு 12. பிறகு வருடத்துக்கு ஒன்று குறைந்து 47-இல் பூஜ்யம். இளநிலைப் பட்டத்துக்கு 21, முதுநிலைக்கு 23, முனைவர் பட்டத்துக்கு 25. அனுபவம் ஓராண்டு என்றால் 9, இரண்டு மூன்று ஆண்டுகள் என்றால் 11, நான்கு ஐந்து என்றால் 13, ஆறும் அதற்கு மேலும் என்றால் 15. ஆங்கிலத்தை சி.எல்.பி. என்ற கனடிய மொழி நிலையால் அளப்பார்கள். படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் நிலை 7 கட்டாயம். நிலை 7-க்குத் திறன் ஒன்றுக்கு 4, நிலை 8-க்கு 5, நிலை 9-க்கும் அதற்கு மேலும் 6.

29 வயது, பி.இ., மூன்றாண்டு அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 12 + 21 + 11 = 44. ஆங்கிலத்தில் நிலை 7 வாங்கினால் 16 சேர்ந்து 60. தகுதி இல்லை. நிலை 8 என்றால் 64. அப்போதும் இல்லை. நிலை 9 தொட்டால்தான் 68. நல்ல வேலை, நல்ல படிப்பு, இளம் வயது எல்லாம் இருந்தும் இவரை உள்ளே விடுவது ஆங்கிலத் தேர்வு மட்டுமே. இதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கும் இடங்கள் இருப்பதுதான் என்னை வருத்தப்பட வைக்கிறது.

இங்கே தமிழர்கள் பலருக்கு ஒரு அனுகூலம் உண்டு. ஸ்கார்பரோவிலோ மிசிசாகாவிலோ உங்கள் மாமா, அத்தை, சித்தப்பா, அக்கா என்று ரத்த உறவில் ஒருவர் குடியுரிமையோ பி.ஆரோ பெற்று வசித்தால் 5 புள்ளி. மேலே சொன்னவருக்கு அப்படி ஒரு மாமா இருந்தால் நிலை 8-லேயே 69 வந்துவிடும். ஆனால் இது இந்த 67 கணக்குக்கு மட்டும்தான். அடுத்து வரும் தரவரிசையில் மாமாவுக்கு ஒன்றும் கிடையாது. கனடாவில் உடன்பிறந்தவர் இருந்தால் மட்டும் அதில் 15.

படி 3: மொழித் தேர்வும் படிப்புச் சான்றும்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினால் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவைத்தான் எடுக்க வேண்டும். மேற்படிப்புக்கான அகாடமிக் செல்லாது. செல்பிப் ஜெனரல், பி.டி.இ. கோர் ஆகியவையும் ஏற்கப்படுகின்றன. மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் நிலை 7-க்கு நான்கிலும் 6.0 போதும். நிலை 9-க்குப் படித்தல், எழுதுதல், பேசுதலில் 7.0 வேண்டும். கேட்டலில் மட்டும் 8.0 வேண்டும். இதைக் கவனிக்காமல் "எல்லாவற்றிலும் 7 வாங்கிவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அதனால் எவ்வளவு இழப்பு என்பதை அடுத்த படியில் பாருங்கள்.

படிப்பை கனடாவின் தரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் சான்றும் தேவை. டபிள்யூ.இ.எஸ். போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் அதைத் தரும். ஐந்தாண்டு செல்லும். மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதற்குத்தான் நாள் பிடிக்கும். எனவே ஆங்கிலத்துக்குப் படிக்கத் தொடங்கும் அன்றே இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 4: தரவரிசைப் புள்ளி

இதற்கு சி.ஆர்.எஸ். என்று பெயர். நம்முடைய 29 வயதுக்காரரையே திரும்பப் பார்ப்போம். திருமணமாகாதவர். வயதுக்கு 110, பி.இ.க்கு 120. நிலை 9 ஆங்கிலத்துக்குத் திறன் ஒன்றுக்கு 31 வீதம் 124. படிப்பும் மொழியும் சேர்வதற்கு 25, அனுபவமும் மொழியும் சேர்வதற்கு 50. மொத்தம் 429.

இப்போது கேட்டலில் 8.0-க்குப் பதில் 7.5 வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அந்தத் திறனில் 8 புள்ளி போகும். கூடவே ஒரு திறன் நிலை 9-க்குக் கீழே போனதால் அந்த 25-உம் 50-உம் 13, 25 ஆகச் சுருங்கும். மொத்தம் 384. அரை மதிப்பெண்ணுக்கு 45 புள்ளி! எனவே மறுபடி தேர்வு எழுதலாமா என்று தயங்கினால், கட்டாயம் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

வயதும் சும்மா இருக்காது. 30 ஆனால் 105, 35-இல் 77, 40-இல் 50, 45-இல் ஒன்றுமில்லை. திருமணமானவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், துணையின் படிப்புக்கும் மொழிக்கும் அதில் பங்கு உண்டு. தகுதி இருந்தால் கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக விவரம் பதிவு செய்யலாம். யாருக்கு முதலில் அழைப்பு வருகிறதோ அவர் மற்றவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 5: அந்தப் புள்ளி போதுமா?

2024 ஏப்ரல் 23 அன்று எல்லாத் திட்டத்தாருக்கும் சேர்த்து நடந்த சுற்றில் 529 தேவைப்பட்டது. 429 வைத்துக்கொண்டு அந்த வழியில் காத்திருப்பதில் பயனில்லை. பழைய வீடியோக்களில் "75 புள்ளிக்கே கூப்பிட்டார்கள்" என்று வரும். 2021 பிப்ரவரியில் அது நடந்தது உண்மைதான். ஆனால் கொரோனா காலத்தில், கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் நடந்த சுற்று அது.

அப்படியானால் வேறு வழி? 2023 முதல் குறிப்பிட்ட துறையினரை மட்டும் அழைக்கும் சுற்றுகளும் நடக்கின்றன. மருத்துவத் துறை, கட்டுமானத் தொழில்கள், 2025-இல் சேர்ந்த கல்வித் துறை என்று பட்டியல் அவ்வப்போது மாறும். உங்கள் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு மாகாணம் உங்களை நியமித்தால் 600 புள்ளி கிடைக்கும். அதோடு அழைப்பு ஏறக்குறைய உறுதி. ஆனால் அந்த மாகாணத்தில் வாழும் எண்ணம் உண்மையாகவே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வயது கைகொடுக்கும் ஒருவர் பிரெஞ்சைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 2025 மார்ச் 21 அன்று பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றில் 379 போதுமாக இருந்தது. நம் ஆள் நான்கு திறனிலும் பிரெஞ்சில் நிலை 7 எட்டினால், இரண்டாம் மொழிக்கு 12, கூடுதலாக 50 சேர்ந்து 491 ஆவார். அதுவும் குறைந்த புள்ளிக்கு அழைக்கும் வரிசையில் நிற்பார். ஆரம்பத்திலிருந்து படித்தால் ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம், சுலபம் என்று சொல்ல மாட்டேன். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. தேர்வு டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா.

படி 6: பதிவும் அழைப்பும்

இணையதளத்தில் விவரம் பதிவு செய்வது இலவசம். 12 மாதம் செல்லும். அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். கேட்க நிறைய நாள் போலத் தோன்றும், ஆனால் ஆவணங்கள் முன்பே தயாராக இல்லையென்றால் திணறிப்போவீர்கள்.

முக்கியமாக அனுபவக் கடிதம். பதவி, சேர்ந்த நாள், விட்ட நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் எல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிடும், அது போதாது. வேலையை விடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பி.எஃப். விவரம், படிவம் 16, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் துணை ஆதாரமாக வையுங்கள்.

கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து ஆறு மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று வேலை பார்த்தவர்கள் இதை முன்கூட்டியே தொடங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் மட்டும்தான் செல்லும்.

பணம்: 2025 ஜூலை கணக்குப்படி ஒருவருக்கு 15,263 கனடிய டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,362 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். மனைவி, குழந்தைகள் கூட வராவிட்டாலும் அவர்களையும் எண்ணித்தான் கணக்கு. கடன் வாங்கிய பணம் ஏற்கப்படாது. வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும் வரும். திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் விளக்கம் தர வேண்டும். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் 30 முதல் பெரியவர் ஒருவருக்கு 1,525 டாலர், சார்ந்த குழந்தைக்கு 260 என உயர்த்தப்பட்டது. கட்டும் அன்று புதிய தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொய் வேண்டவே வேண்டாம்

போலி அனுபவக் கடிதம், வாடகைக்கு எடுத்த வங்கி இருப்பு என்று எது பிடிபட்டாலும் ஐந்தாண்டுத் தடை. ஏஜென்ட் எழுதியது என்று சொல்லித் தப்ப முடியாது, கையெழுத்து உங்களுடையது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தரவரிசையில் கிடைத்த புள்ளியை 2025 மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள். இப்போதும் "ஜாப் ஆஃபர் வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும்" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உதவி வேண்டுமென்றால், கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் (ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) பொதுப் பதிவேட்டில் பெயர் இருப்பவரிடம் மட்டும் போங்கள். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

குடும்பத்தை மறைப்பது இன்னும் மோசம். மனைவியையோ குழந்தையையோ விண்ணப்பத்தில் காட்டாமல் விட்டால், பின்னாளில் அவர்களை வரவழைக்கும் உரிமையையே இழக்க நேரிடலாம். திருமணமாகாத, 22 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எல்லோரையும் எழுதுங்கள். அப்பா, அம்மாவை இதில் சேர்க்க முடியாது, அதற்குத் தனித் திட்டம். விண்ணப்பம் முடிவதற்குள் திருமணமோ குழந்தையோ ஆனால் உடனே தெரிவிக்க வேண்டும்.

பழைய வழக்கு இருந்தாலும் மறைக்காதீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதை 2018 டிசம்பர் முதல் கனடா கடும் குற்றமாகக் கருதுகிறது. அப்படித் தண்டனை ஏதாவது இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே கனடிய வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

பி.ஆர். கிடைத்த பிறகு, ஒவ்வொரு ஐந்தாண்டிலும் குறைந்தது 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். குடியுரிமை கேட்க ஐந்தாண்டுக்குள் 1,095 நாள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள், பி.ஆர். அட்டையைப் புதுப்பிக்கவும் குடியுரிமை கேட்கவும் அது தேவைப்படும்.