கிட்டார் தனி வகுப்புக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

தனி வகுப்புக்கு நாம் காசு கொடுப்பதே, நம் விரலை மட்டும் கவனித்தபடி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பார் என்பதற்காகத்தான். கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சுருதி சேர்க்கவும் செல்போனில் செயலி இருக்கிறது. இவற்றிலேயே பாதி வகுப்பு போய்விட்டால் எனக்கு மனசே ஆறாது. அதனால் கீழே உள்ளதை முடித்துவிட்டு முதல் வகுப்புக்குப் போங்கள்.

முதலில் கிட்டாரைப் பாருங்கள். கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். 12-வது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தால், இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் (இது இரும்புக் கம்பிக்கு, நைலான் என்றால் கொஞ்சம் கூடலாம்). அதைவிட உயரமாக இருந்தால் கடையில் கொடுத்து செட்டப் செய்து (கம்பி உயரத்தைச் சரிப்படுத்தி) வாங்கிவிடுங்கள். விரலில் பலமில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்களே, அவர்களில் பல பேருக்குக் கோளாறு கம்பியின் உயரத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது சுருதி. மிக மெல்லிய கம்பிதான் ஒன்றாவது, தடித்தது ஆறாவது. ஆறிலிருந்து ஒன்றுக்கு வந்தால் சுரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ (E, A, D, G, B, E). செயலியைப் பார்த்தே சேர்க்கலாம். ஆனால் சுருதி ஏறிப்போனால் அப்படியே இறக்கி நிறுத்தாதீர்கள். ஒருமுறை நன்றாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள், அப்போதுதான் கம்பி நழுவாமல் நிற்கும். சேர்த்தது சரியா என்று காதால் பார்க்க, ஆறாவது கம்பியின் 5-வது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் ஐந்தாவது கம்பியின் ஒலி வர வேண்டும். மற்ற கம்பிகளுக்கும் இதே கணக்குதான், மூன்றாவது கம்பியில் மட்டும் 4-வது ஃப்ரெட்.

இப்போது இரண்டே இரண்டு கார்ட். ஈ மேஜருக்கு, ஆள்காட்டி விரல் மூன்றாவது கம்பியின் 1-வது ஃப்ரெட்டில், நடுவிரல் ஐந்தாவது கம்பியின் 2-வது ஃப்ரெட்டில், மோதிர விரல் நான்காவது கம்பியின் 2-வது ஃப்ரெட்டில். அப்புறம் மூன்று விரலையும் அதே வடிவம் கலையாமல், மெல்லிய கம்பிகளின் பக்கமாக ஒவ்வொரு கம்பி தள்ளி வையுங்கள், ஏ மைனர் வந்துவிடும். (இதில் ஆறாவது கம்பியை மீட்ட வேண்டாம்.) எல்லோரும் ஜி, சி, டி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கைக்கு முதலில் பழக வேண்டியது இந்த ஜோடி என்பது என் கட்சி.

கார்டைப் பிடித்ததும் மொத்தமாக வாசித்துவிடாமல் ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். ஏ மைனரில் ஒன்றாவது கம்பி ‘டப்’ என்று செத்த ஒலி கொடுத்தால், ஆள்காட்டி விரல் சாய்ந்து அதன்மேல் பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரல் நுனி செங்குத்தாக நிற்கட்டும், இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஃப்ரெட் பட்டைக்குப் பின்னால் (தலைப்பக்கமாக) அதை ஒட்டினாற்போல் அழுத்துங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நட்டநடுவில் அழுத்தினால் இன்னும் பலம் வேண்டும், ஒலியும் கரகரக்கும்.

சரி, இனி மாற்றம். மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நான்கு தட்டுக்கு ஈ, நான்கு தட்டுக்கு ஏ மைனர், தட்டுக்கு ஒரு மீட்டல். இடது கை போய்ச் சேராவிட்டாலும் வலது கை நிற்கவே கூடாது, தவறான ஒலி வந்தால் வரட்டும். தாளத்தை நிறுத்தி நிறுத்தி கார்டைச் சரிசெய்யும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிற்பாடு பாட்டுக்கு வாசிக்கும்போது படுத்தி எடுக்கும். தினமும் பதினைந்து நிமிடம் போதும். விரல் நுனி எரிந்தால் விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள்.

வகுப்பில் இதை வாசித்துக் காட்டி, “என் கட்டைவிரல், மணிக்கட்டு, தோள் எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். இந்த மூன்றையும் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். மாஸ்டர் அனுமதித்தால் அவர் திருத்தும் இடத்தைச் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாசிப்பவர்கள் “புதுசா ஏதாவது சொல்லிக்கொடுங்க சார்” என்று போகாமல், சிக்கும் இடத்தை மட்டும் கொண்டுபோங்கள். எஃப் பாரே கார்டில் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்ட்) எந்தக் கம்பி ஒலிக்கவில்லை, சோலோவில் எந்த வேகத்தில் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு போனால் வகுப்பு நேராக அங்கேயே தொடங்கும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துவது மாதிரி கிரேடு தேர்வு எழுத எண்ணமிருந்தால் அதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், பாடம் வேறு வரிசையில் போகும்.