மாடில சின்ன வெங்காயம் போடலாம் வாங்க – முதல் தடவை நடுறவங்களுக்கு

மாடித் தோட்டம்னாலே எல்லாரும் தக்காளி, கத்திரின்னுதான் ஆரம்பிக்கிறாங்க, என்னைக் கேட்டா முதல்ல சின்ன வெங்காயம் ஊனுங்க. நாத்து விடுற வேலையே இல்ல, சமையக்கட்டுல கிடக்கிற காயே விதை, 70 நாள் போல ஆனா ஒரு காய் அஞ்சாறா பிரிஞ்சு கொத்தா வந்து நிக்கும்.

முதல்ல காயைப் பாருங்க, பாதி விஷயம் இதுலதான் இருக்கு. வயல்ல இருந்து புதுசா வந்த வெங்காயம் சீக்கிரம் முளைக்காது, அறுத்து ரெண்டு மாசம் ஆன பழைய காய்தான் வேணும். கூடையில கிடந்து தானாவே நுனியில பச்சை எட்டிப் பாக்குதா, கெட்டியாவும் இருக்கா, அதை எடுத்து வைங்க. அமுக்கினா கொழகொழன்னு இருக்கிறது, கருப்பா பூசணம் பிடிச்சது வேணவே வேணாம்.

செடி வளர்க்கிற பை முக்கால் அடி ஆழம் போதும், வேர் மேலாக்கதான் ஓடும், அகலமா இருந்தா நிறைய நடலாம். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம அளவு, கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அடில ஓட்டை இருக்கான்னு மறக்காம பாத்துருங்க.

அடுத்து நடுறது. வேர்ப்பக்கம் கீழ, காய்க்கு காய் 4 இஞ்ச், நுனி மண்ணுக்கு வெளிய லேசா தெரியணும். ஆழமா பொதைச்சா பத்திரமா இருக்கும்னு நினைக்காதீங்க, நானும் முதல் தடவை அப்படித்தான் பொதைச்சேன், பாதி காய் அழுகிப்போச்சு, மனசே கஷ்டமாயிருச்சு.

நட்ட அன்னைக்கும் மூணாம் நாளும் தண்ணி, அப்புறம் விரலை விட்டுப் பாத்து மேல்மண் காஞ்சிருந்தா மட்டும். வெயில் 6 மணி நேரமாவது விழணும். சென்னை மாதிரி ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டுற ஊர்னா தை பொறந்ததும் நடுங்க, ஈரம் தேங்குனா வெங்காயம் தாங்காது. இலையில வெள்ளை வெள்ளையா கோடு விழுந்தா இலைப்பேன்னு சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி வந்திருக்குன்னு அர்த்தம், லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க. 20ஆம் நாளும் 40ஆம் நாளும் கொஞ்சம் மண்புழு உரம், அவ்ளோதான்.

தாள் மஞ்சளாகி சாய ஆரம்பிச்சா தண்ணியை நிறுத்திருங்க, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு பிடுங்கலாம். கழுவாதீங்க. தாளோடவே நிழல்ல நாலு நாள் உலர்த்தி கொத்தா கட்டி காத்து வர்ற இடத்துல தொங்க விடுங்க, நல்ல கொத்து ரெண்டை சமையலுக்கு எடுக்காம அடுத்த தடவை நட ஒதுக்கிருங்க.

பூண்டும் நடலாமான்னா, அதுக்கு குளிர் வேணும், கொடைக்கானல், ஊட்டி பக்கம் நல்லா விளையும். நம்ம சமவெளி மாடில பூண்டா திரள்றது கஷ்டம், ஆனா பல்லை ஊனி வெச்சா தாள் ஜம்முனு வரும், அரை அடி வளந்ததும் கிள்ளி முட்டைப் பொரியல்ல போட்டுப் பாருங்க, அவ்ளோ வாசம்.