டாட்டூ குத்தேக்க இந்தப் பிழையள விடாதீங்கோ

இப்ப திருகோணமலையில டாட்டூ மெஷின் வாங்கி வீட்டிலயே குத்திப் பழகுற பொடியங்கள் கூடிட்டாங்கள், நல்ல விஷயம்தான், ஆனா நாங்க பழகேக்க விட்ட அதே பிழையளத்தான் இவங்களும் விடுறாங்கள். புது ஊசி, கையுறை எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விடுவம்.

தமிழ் எழுத்தப் பாக்காம குத்துறது

இதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம் வாற விஷயம். எங்கட ஆக்கள் கனபேர் குத்துறது அம்மாட பேர், இல்லாட்டி காலமான அப்பாட பேர். போனில சரியாத்தான் டைப் பண்ணி அனுப்புவினம். ஆனா டிசைன் செய்ற சில சொஃப்ட்வெயாரில தமிழ் எழுத்து ஒழுங்கா சேராது, அதில கொண்டுபோய் ஒட்டினா முன்னால நிக்க வேண்டிய கொம்பு பின்னால போயிடும், குத்துறவர் அதப் பாக்காம அப்பிடியே ஸ்டென்சில் (குத்த முதல் தோலில ஒட்டுற மாதிரி) எடுத்துடுவார்.

போன சீசன்ல கடல்தொழில் செய்ற தம்பி ஒராள் வந்தவர். வேற எங்கயோ குத்தினது. அம்மாட பேர் ‘கோ’வில தொடங்குது, கையில கிடந்தது முதல்ல தனி ‘க’, பிறகு கொம்பு, அதுக்குப் பிறகு கால். “அண்ணா, இத அழிக்க ஏலுமோ, தங்கச்சி பாத்துட்டு அழுறாள்” எண்டார். என்னத்தச் சொல்ல? மை மேல்தோலில நிக்கிறதில்ல, அதுக்குக் கீழ உள்தோலில போய் இருக்கும், தேய்ச்சுப் போகாது. லேசர் எண்டா வாரக்கணக்கில இடைவெளி விட்டுப் பல தரம் போகோணும், குத்தின காசப்போல பல மடங்கு முடியும். கடைசியில முழங்கைக்குக் கீழ முழுக்க கறுப்பா ஒரு வள்ளம் கீறி மூடினம், பேர அதுக்கு மேல்பக்கம் வெறுந்தோலில புதுசா எழுதினம். அவர் கேட்டது சின்னதா ஒரு பேர் மட்டும்தான்.

அதால பேரக் கடதாசியில கையால எழுதிக் கொண்டு போங்கோ, அம்மாட கையெழுத்தே இருந்தா அதவிட நல்லது எதுவும் இல்ல. ஸ்டென்சில் தோலில ஒட்டினதும் கூட வந்த ஆளச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ. மெய்யெழுத்துப் புள்ளியள எண்ணுங்கோ, ‘அம்மா’வில ஒரு புள்ளி விட்டா அது அம்மா இல்ல. எழுத்து ஒரு சென்டிமீட்டராவது உயரமா இருக்கட்டும், வருஷம் போகப் போக மை பரவும், ‘ண’வில இருக்கிற சுழியெல்லாம் அடைஞ்சு கறுப்புக் கட்டியா வந்துடும்.

மணிக்கட்டில பத்துத்தலை இராவணன்

கோணேசர் கோயிலடியில ‘இராவணன் வெட்டு’ எண்ட பாறைப் பிளவப் பாத்துட்டு நேர வந்து கேக்கினம். பத்து முகமும் வேணுமெண்டா முதுகு, இல்லாட்டி நெஞ்சு.

காலில சாமி

வேண்டாம்.

புத்தர் படம்

2014ல கையில புத்தர் டாட்டூவோட வந்த பிரித்தானியப் பெண் ஒராள கட்டுநாயக்க விமான நிலையத்தில பிடிச்சுத் திருப்பி அனுப்பினவங்கள். 2017ல உச்ச நீதிமன்றம் அவவுக்கு நட்டஈடும் வழக்குச் செலவுமா 8 லட்சம் ரூபா குடுக்கச் சொன்னது உண்மை, ஆனா அதுக்கு மூண்டு வருஷம் போச்சு. வெளிநாட்டுக்காரர் கேட்டு வந்தா இத முதல்ல சொல்லுங்கோ.

குத்தின கையோட கடல்

குத்தின இடம் பச்சைப் புண்தான். ரெண்டு மூண்டு கிழமைக்கு நிலாவெளிக் கடலும் இல்ல, புறாத்தீவும் இல்ல, கன்னியா வெந்நீர்க் கிணறும் இல்ல. வெயிலும் படக்கூடாது. லீவில ஊருக்கு வந்தனீங்க எண்டா கடலெல்லாம் குளிச்சு முடிச்சிட்டு, கடைசி நாளில வந்து குத்துங்கோ.